மிஸ்ஸியம்மா வரைந்த நீதிபதி

தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் துரைமார் பங்களாக்களுக்குத் தையல் வேலை செய்துகொண்டிருந்த காலத்தில் எனக்கு ஒரு வெள்ளைக்காரச் சிநேகிதி இருந்தாள். இப்படிச் சொன்னால் இன்று யாரும் நம்பமாட்டார்கள். அன்றும் நாங்கள் குடியிருந்த சுரங்கக் கூலி லைனில் யாரும் நம்பவில்லை. சுரங்க இன்ஜினீயர் ஒருவரின் தங்கை அவள். கல்யாணம் ஆகாதவள், நாற்பதை நெருங்கிய வயது. கல்யாணம் ஆகாத வெள்ளைக்காரப் பெண்களை அங்கே மிஸ்ஸியம்மா என்றுதான் கூப்பிடுவோம். நேரில் நான் அவளை "நீங்க" என்றே பேசினேன். ஆனால் மனசுக்குள் அவள் எனக்கு அவள்தான். அதனால் அப்படியே எழுதுகிறேன்.

பாவாடைக்கு ஓரம் அடிக்கத்தான் முதலில் போனேன். பின்வராந்தாவில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தபோது அவள் பக்கத்தில் வந்து தரையிலேயே உட்கார்ந்தாள். நான் பதறி எழுந்தேன். "உக்கார், உக்கார்" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். சமையல்காரரிடம் கற்ற தமிழ் அவளுடையது. வேலூர்ப் பக்கம் மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் கொஞ்சம் இங்கிலீஷ் படித்திருந்தேன். அவளுக்குத் தமிழ் தடுக்கும் இடத்தில் என் இங்கிலீஷும், எனக்கு இங்கிலீஷ் தடுக்கும் இடத்தில் அவள் தமிழும் வந்து சேர்ந்துகொள்ளும். தங்கையை இங்கே என்னவென்று கூப்பிடுவீர்கள் என்று கேட்டாள். தங்கச்சி என்றேன். அன்றிலிருந்து நான் அவளுக்குத் தங்கச்சி.

எங்கள் லைன் வீட்டுக்கும் வந்திருக்கிறாள். தகரக் கூரை, ஒரே அறை, அதில் பாதி சமையலுக்கு. கேழ்வரகுக் களியை விரலால் கிள்ளிக் கருவாட்டுக் குழம்பில் தோய்த்து, கண்ணில் தண்ணீர் வரவரச் சாப்பிட்டாள். என் கணவர் வாசலில் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் போன பிறகு, "நம்ம ஜனம் மாதிரியே கீறாங்கமே" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

என் கணவர் அப்போது கீழே, சுரங்கத்துக்குள், மரம் கட்டுகிற கேங்கில் இருந்தார். பாறை சரியாமல் இருக்கக் கட்டைகளை முட்டுக்கொடுக்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமை சபையில் வேதபாடம் வாசிப்பதும் அவர்தான். அதற்கென்று ஒரு கோட்டு வைத்திருந்தார். சீமைக்குத் திரும்பிப் போன ஒரு பழைய மேனேஜர் கொடுத்தது. கறுப்புக் கம்பளி, முழங்காலைத் தாண்டித் தொங்கும், தோள் இவருடைய தோளைவிட இரண்டு பக்கமும் வெளியே போகும். உடம்புக்குத் தக்கபடி பிடித்துத் தருகிறேன் என்று எத்தனையோ தரம் சொன்னேன். விடமாட்டார். "குடுத்தவரு பெரிய மனுசன்மே. அவரு அளவு அப்டியே இருக்கட்டும்" என்பார்.

அந்த வருஷம் மழைக்கு முன்னால் கீழே அவர்கள் வேலை செய்த லெவலில், அந்த ஆழத்துச் சுரங்க வழியில், ஏர்பிளாஸ்டு ஆனது. பாறை தானாகவே வெடித்துச் சிதறுவதை அப்படிச் சொல்வார்கள். மேலே எங்கள் வீட்டில் அலமாரித் தட்டுகள் குலுங்கின. பெண்கள் எல்லோரும் சுரங்கத்தின் வாயான ஷாப்டுக்கு ஓடினோம். ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் மேலே வரும்போதெல்லாம் கூட்டம் முன்னால் நெருக்கும். இவர் நடந்தே வெளியே வந்தார், உடம்பெல்லாம் வெள்ளைத் தூசி. கூட வேலை செய்த இரண்டு பேரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் மறுபடி ஷிப்டுக்குப் போனார். ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் காலையில் மெழுகுவத்தியை எடுத்துத் தொப்பியில் களிமண்ணால் ஒட்டும்போது அவர் கண்ணில் ஒரு பார்வை வரும். எதிரே என்ன இருந்தாலும் அது தெரியாத மாதிரி ஒரு பார்வை. கதவைத் தாண்டினதும் அது போய்விடும். அந்தப் பார்வையைப் பார்த்தவள் உலகத்தில் நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன். இன்னா உடம்புக்கு என்று கேட்டால், "ஒண்ணும் இல்லமே" என்பார். நானும் விட்டுவிட்டேன். கேட்கக் கேட்க அது பெரிதாகும் என்று பயம்.

மிஸ்ஸியம்மாவின் பெரிய மரப்பெட்டி அந்தச் சமயத்தில்தான் ரயிலில் வந்தது. உள்ளே இரும்பு உருளைகளும் சக்கரமும் வைத்த ஒரு அச்சு யந்திரம். பங்களாவின் கொட்டகை ஒன்றைக் காலி செய்து அதை நிறுத்தினார்கள். அப்போதுதான் அவள் சீமையில் படம் போடப் படித்தவள் என்று எனக்குத் தெரிந்தது. சாயம் பூசுகிற படம் இல்லை. செப்புத் தகட்டில் மெழுகைப் பூசி, ஊசியால் அந்த மெழுகில் கீறிக் கீறி வரைவாள். பிறகு தகட்டைத் திராவகத்தில் போடுவாள். கீறின இடத்தை மட்டும் திராவகம் தின்னும். தங்கம் சோதிக்கிற ஆபீசில் வைத்திருக்கும் அதே திராவகத்தைத்தான் அண்ணனிடம் சொல்லி வாங்கிவைத்திருந்தாள். தின்ற பள்ளத்தில் மை நிற்கும். மேலே இருக்கும் மையை மஸ்லின் துணியால் துடைத்து, ஈரக் காகிதத்தை வைத்து உருளைக்குள் விட்டால் படம் இடம் வலம் மாறி வந்து விழும். மஸ்லினைக் கத்தரித்துத் தருவது என் வேலை. கொஞ்ச நாளில் துடைக்கவும் கற்றுக்கொடுத்தாள். முழங்கை வரை கறுப்பு மையோடு இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்போம்.

அவள் போட்டுக்கொண்டிருந்தது ஒரு பழைய நாவலுக்கான படங்கள். நூறு வருஷத்துக்கும் முந்தியது, சீமையில் படித்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது என்றாள். மனிதர்களைக் கேலி செய்யவே எழுதின கதையாம். அதில் ஒரு நகரம் வருகிறது. அந்த நகரத்தில் ஒரு மனிதன் எவ்வளவு பெரியவன் என்பதை அவன் உடுப்பைத் தராசில் வைத்து நிறுத்துத்தான் முடிவு செய்வார்களாம். அதனால் வைத்தியர் பைகளில் கல்லை நிரப்பிக்கொண்டு நடப்பார். சீமாட்டிகள் இருக்கிற பாவாடையை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிக்கொண்டு கதவுக்குள் நுழைய முடியாமல் நிற்பார்கள். கேட்கக் கேட்கச் சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. ஏழு பாவாடை கட்டினால் ஏழாவது எப்படி நிற்கும், மடிப்பு எங்கே உடையும் என்று நான்தான் அவளுக்குக் கட்டிக் காட்டினேன். அந்தத் தகட்டில் இருக்கும் மடிப்பெல்லாம் என் யோசனை.

ஒரு நாள் கேட்டேன். "எல்லாருமே இப்டித்தானாம்மா? நல்ல மனுசன் ஒருத்தன்கூட கெடையாதா அந்த ஊர்ல?"

ஊசியைக் கீழே வைத்தாள். "ஒரு ஆள் இருக்கு, தங்கச்சி. ஜட்ஜ். ஏழை ஜனம் எல்லாம் அவன்கிட்ட போவும். அவன் நல்ல ஆள்."

"அவரு படம் எங்க?"

"முகம் கிடைக்கலே" என்றாள். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "உன் புருஷன் முகம் எனக்கு வேணும். அந்தக் கோட்டு போட்டுக்கினு வரணும்."

நான் வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது இவருக்குக் காது சிவந்துவிட்டது. சீமை நாவலில் நீதிபதி! அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து, எண்ணெய் வைத்துத் தலை வாரி, கோட்டோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மிஸ்ஸியம்மா அவர் வலது கையை உயர்த்தி வைக்கச் சொன்னாள். அதற்கடுத்த ஞாயிறும் நான் கூடப் போனேன். பிறகு வார நாட்களில் ஷிப்டு முடிந்து அவரே போய்வர ஆரம்பித்தார். "நீ எதுக்கு வேலைய உட்டுட்டு வர்றே? சும்மா உக்காந்துக்கினு இருக்கப் போறேன், அவ்ளோதானே" என்றார். நல்லதுதான் என்று எனக்குத் தோன்றியது. அந்தக் கொட்டகையில் உட்கார்ந்துவிட்டு வரும் நாட்களில் அவர் முகம் லேசாக இருந்தது.

ஒரு மாதத்துக்குள் படம் எங்கள் கைக்கு வந்தது. கெட்டிக் காகிதத்தில், ஓரத்தில் தகட்டின் தடம் பதிந்து, அவள் பென்சிலால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். நான் அழுதுவிட்டேன். கோட்டு பெரிதாக இருந்தது. ஆனால் அந்தப் பெரிசு அவருக்குப் பொருந்தியிருந்தது, மலைக்கு மேகம் பொருந்துகிற மாதிரி. முகம் அவர் வேதபாடம் வாசிக்கும்போது இருக்கிற முகம். ராபர்ட்சன்பேட்டையில் கண்ணாடிச் சட்டம் போட்டு, கட்டிலுக்கு நேர் எதிரே மாட்டினோம். லைன் முழுக்க வந்து பார்த்தது. பக்கத்து வீட்டுக்காரம்மா சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். "எல்லாப் படத்தையும் சேத்து மொத்தம் இருபத்தஞ்சு கட்டுதான் போடப்போறாங்க. அப்புறம் தகட்ட கீறி ஒண்ணுத்துக்கும் ஒதவாம பண்ணிடுவாங்களாம். ஒலகத்துல இருபத்தஞ்சு பேரு கையில்தான் இவரு இருப்பாரு" என்று நான் எல்லோருக்கும் சொன்னேன். எத்தனை பேருக்குச் சொன்னேன் என்று நினைத்தால் இன்றும் காது கூசுகிறது.

அதே சமயத்தில் இன்னொன்றும் நடந்தது. அவருக்கு மேல் வேலை, தரைமேல் வேலை, கிடைத்தது. ஷாப்டு பக்கத்தில் இருக்கும் ஸ்டோரில், இறங்குகிறவர்களுக்கு மெழுகுவத்தியும் சம்மட்டியும் எடுத்துக் கொடுக்கிற வேலை. மரம் கட்டுகிற கேங்கில் இருந்து யாரையும் அப்படி மேலே எடுப்பதில்லை. என் ஜெபம் கேட்கப்பட்டது என்று நினைத்தேன். சபையில் பெண்கள் பக்கமிருந்து எழுந்து நின்று சாட்சி சொன்னேன். சொல்லும்போது அவர் பின்வரிசையில், ஆண்கள் பக்கம், தலையைக் குனிந்துகொண்டு நின்றிருந்தார். பக்தியில் குனிந்திருக்கிறார் என்று எண்ணினேன்.

படக்கட்டுக்கு உறை தைக்கும் வேலையை மிஸ்ஸியம்மா என்னிடம் கொடுத்தாள். ஒவ்வொரு கட்டுக்கும் இரண்டு அட்டை, அதன்மேல் துணி, மூன்று பக்கம் கட்டுவதற்கு நாடா. துணியைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான். கருநீலம், தடித்த பருத்தி, அழுக்குத் தெரியாது. உள்ளே வைக்கும் தாள்களை அவளே அடுக்கி, மெல்லிய காகிதத்தில் சுற்றிவைத்திருந்தாள். நான் பிரித்துப் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? அந்தப் படங்கள் வளர்ந்ததைக் கூடவே இருந்து பார்த்தவள் நான். நீதிபதி என் வீட்டுச் சுவரிலேயே இருக்கிறார்.

உறைகள் பெரும்பாலும் முடிந்ததும் பங்களாவில் ஒரு சாயங்காலம் தேநீர் விருந்து வைத்தார்கள். இன்ஜினீயர்கள், டாக்டர், அவர்கள் வீட்டுத் துரைசானிகள், ஆபீஸ் ஆட்கள் சிலர். நாடா அவிழ்த்து, பார்த்து முடித்ததும் மறுபடி கட்டுவதற்கு என்னை வரச் சொல்லியிருந்தாள். என் கணவரையும் வரச் சொல்லியிருந்தாள், கோட்டோடு. முன்வராந்தாவின் படியில் அவர் நின்றார். நான் மேசைக்குப் பின்னால்.

படங்கள் ஒன்றொன்றாகக் கை மாறின. வைத்தியர் படத்தைப் பார்த்து டாக்டர் துரை தன் பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஏழு பாவாடைச் சீமாட்டி வந்தாள். அதற்கும் சிரிப்பு. அடுத்த தாளைக் கையில் வாங்கின ஒரு துரை, அதைப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கிப் படியில் நின்றவரைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார். ஓவென்று சிரித்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டினார். அவரும் அப்படியே, தாளைப் பார்த்து, படியைப் பார்த்து. சிரிப்பு வராந்தாவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போனது. ஒரு துரைசானி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முதலில் சிரித்த துரை எழுந்து, இடுப்பு வரை குனிந்து, நீதிமன்றத்தில் வணங்குகிற மாதிரி இவருக்கு ஒரு வணக்கம் போட்டார்.

இவர் திரும்ப வணங்கினார். "தாங்க்யூ சார்" என்றார்.

தாள் என் மேசைக்கு வந்தது.

அதே தகடுதான். அதே நாற்காலி, அதே உயர்த்தின கை. ஆனால் அதன்மேல் அவள் மறுபடி வேலை செய்திருந்தாள். மெழுகைப் பூசி மறுபடி கீறி, திராவகத்தில் போட்டிருந்தாள். கோட்டு இப்போது கூடாரம் மாதிரி உப்பியிருந்தது. கைகளின் நுனியில் விரல் இல்லை, வைக்கோல் பிதுங்கிக்கொண்டிருந்தது. தலை வேப்பம்பழம் அளவுக்குச் சுருங்கி, காலருக்குள் பாதி முங்கியிருந்தது. தலையில் சுரங்கத் தொப்பி, அதில் எரிகிற மெழுகுவத்தி, உருகி மூக்கின்மேல் வழிகிறது. பின்னால் கேஜ். கேஜுக்கு முன்னால் மூக்கைப் பொத்திக்கொண்டு வரிசையாக நிற்கும் ஜனம். கீழே இங்கிலீஷில் ஒரு வரி. மெதுவாக எழுத்துக் கூட்டினேன். உள்ளே ஆளில்லாத நீதிபதி.

இதெல்லாம்கூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. அந்தக் கண்கள்தான். சுருங்கின தலையில் கண்ணை மட்டும் அவள் சுருக்காமல் விட்டிருந்தாள். காலையில் மெழுகுவத்தி ஒட்டும்போது வருகிற அந்தப் பார்வை, அப்படியே, இமை வரை. நான் யாரிடமும் சொன்னதில்லை. அவர் அதை வீட்டுக்கு வெளியே கொண்டுபோனதில்லை என்று நினைத்திருந்தேன்.

மிஸ்ஸியம்மாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. தேநீர்க் கிண்ணத்தைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

நாடாக்களைக் கட்டினேன். எல்லாவற்றையும் கட்டினேன்.

திரும்பும்போது டிராலித் தண்டவாளத்தை ஒட்டி நடந்தோம். இவர் கோட்டைக் கழற்றி மடித்துக் கையில் போட்டுக்கொண்டார். அவருக்கு எதுவும் தெரியாது, அவர் அந்தத் தாளைப் பார்க்கவில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எப்படிச் சொல்வது, சொல்லவே வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். கடைசியில், "வீட்ல இருக்கிற படத்த எறக்கிடலாங்க" என்றேன்.

"ஏன்?"

"எறக்கிடலாம்."

அவர் நின்றுவிட்டார். "பாத்துட்டியா?" என்றார்.

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை.

"மிஸ்ஸியம்மா உனக்குக் காட்ட மாட்டேன்னுதான் சொன்னாங்க. உன்னைக் கூப்பிட வேணாம்னு நானும் சொன்னேன். வேற ஆளு இல்லன்னுட்டாங்க."

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்மே."

"எப்போத்துலேந்து?"

அவர் மறுபடி நடக்கப் பார்த்தார். நான் கோட்டைப் பிடித்து இழுத்தேன். கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. தனியாகப் போக ஆரம்பித்த இரண்டாம் தடவையோ மூன்றாம் தடவையோ, அவள் வரைந்துகொண்டே கேட்டிருக்கிறாள், கீழே எப்படி இருக்கும் என்று. இவர் சொல்லியிருக்கிறார். ஏர்பிளாஸ்டைச் சொல்லியிருக்கிறார். பக்கத்தில் நின்றவனின் கை மட்டும் தன் தோளில் பிடித்தபடி இருந்ததைச் சொல்லியிருக்கிறார். எனக்குச் சொல்லாதது. தினம் கேஜில் ஏறும்போது முழங்கால் நடுங்குவதைச் சொல்லியிருக்கிறார். சொல்லும்போது அழுதிருக்கிறார். அவள் ஊசியை நிறுத்தவில்லை. பிறகு அண்ணனிடம் சொல்லி மேல் வேலை வாங்கித் தருகிறேன் என்றிருக்கிறாள். தந்தாள். அப்புறம் ஒரு நாள் மாற்றின படத்தைக் காட்டி, "இது கதை. உன்னைச் சொல்லலே. உனக்குக் கஷ்டம் இருந்தா சொல்லு, அழிக்கிறேன்" என்றாளாம்.

"இன்னா சொன்னீங்க?"

"இன்னா சொல்றது? நல்லா கீதும்மான்னு சொன்னேன்."

"உங்களை வெச்சு அத்தினி பேரு சிரிச்சாங்க. நீங்க தாங்க்யூ சொல்றீங்க."

"சிரிச்சிக்கினு போறாங்கமே. சிரிச்சா இன்னா, தோல் உரிஞ்சிடுமா? நாளைக்குக் கீழ எறங்க வேணாம் எனக்கு."

"அந்தப் பயத்த என்கிட்ட ஏன் சொல்லல?"

அவர் கோட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். மில்லில் பாறையை நொறுக்கும் ஸ்டாம்புகள் இடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"உன்கிட்ட சொன்னா, அப்புறம் நீ என்னை எப்டி பார்ப்பே?"

"அவங்க பார்த்தா பரவால்லயா?"

"அவங்க யாரு எனக்கு?" என்றார்.

அதில் ஒரு நியாயம் இருந்தது. அந்த நியாயம் எனக்கு எந்த வகையிலும் ஆறுதலாக இல்லை. நான் ஒருத்தியைத் தவிர அந்தக் கொட்டகையில் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. அங்கே இருவரும் பேசி முடித்து, ஒப்புக்கொண்டு, எனக்கு மட்டும் ஒரு நல்ல படத்தைக் கொடுத்து வீட்டில் உட்காரவைத்திருந்தார்கள். நான் அதைச் சட்டம் போட்டு மாட்டி, ஊரைக் கூப்பிட்டுக் காட்டி, சபையில் சாட்சியும் சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் காலை படத்தை ஆணியிலிருந்து எடுத்தேன். பழைய போர்வையில் சுற்றிக்கொண்டு பங்களாவுக்குப் போனேன். மீதி இருந்த நீலத் துணியையும் வெட்டாத நாடாவையும் கூட எடுத்துப் போனேன். மிஸ்ஸியம்மா கொட்டகையில் தனியாக இருந்தாள். தகடுகளைக் கீறி நாசம் செய்துகொண்டிருந்தாள். நீதிபதித் தகடு ஏற்கெனவே முடிந்து, மூலைக்கு மூலை இரண்டு கோடுகள் பாய்ந்து, ஓரத்தில் சாத்தியிருந்தது.

"தங்கச்சி" என்றாள்.

"அப்டி கூப்பிட வேணாம்மா."

அவள் முகம் வெளுத்தது. "நான் அவனைக் கேட்டேன். அவன் சரி சொன்னான்."

"என்னைக் கேக்கலியே நீங்க."

"நீ வேணாம் சொல்லும்."

அவள் அதை ஒளிக்காமல் சொன்னாள், நல்ல காரணம் ஒன்றைச் சொல்வது மாதிரி. நான் வேண்டாம் என்பேன், அதனால் என்னைக் கேட்கவில்லை.

"ஜட்ஜு நல்ல ஆளுன்னு சொன்னீங்க."

"கதையில அவன் நல்ல ஆள் இல்லே" என்றாள். "உனக்குச் சந்தோஷம் வரட்டும்னு சொன்னேன். முதல் படம் அதுக்குத்தான் போட்டேன். உனக்கு மட்டும். அது ஒண்ணுதான் இருக்கு, வேற யார்கிட்டயும் இல்லே." பிறகு இங்கிலீஷில் வேகமாக என்னென்னவோ சொன்னாள். எனக்கு எல்லாம் பிடிபடவில்லை. அந்தக் கண்கள்தான் அவள் வாழ்க்கையில் வரைந்ததிலேயே சிறந்தது, அதைத் தன்னால் விட முடியவில்லை என்று சொன்னது மட்டும் பிடிபட்டது. சொல்லும்போது அழுதாள். பொய் அழுகை இல்லை. அதுதான் எனக்கு இன்னும் வெறுப்பாக இருந்தது. தப்பு செய்தவளுக்கு அழுகையும் கிடைத்துவிடுகிறது. நான் கண்ணீர் இல்லாமல் நின்றேன்.

"அவரு உங்ககிட்ட அழுதாரு. நீங்க ஊசியக் கீழ வெச்சிருக்கணும்மா."

படத்தை அச்சு யந்திரத்தின்மேல் வைத்தேன். துணியைப் பக்கத்தில் வைத்தேன். அவள் படத்தைத் திரும்ப என்னிடம் நீட்டினாள். நான் வாங்கவில்லை. மீதி உறைகளை பஜாரில் யாரோ ஒரு தையல்காரர் தைத்துக் கொடுத்ததாகப் பின்னால் கேள்விப்பட்டேன்.

சாயங்காலம் இவர் வந்து, ஆணியை மட்டும் பார்த்தார். கேட்கவில்லை. சோறு போட்டேன், சாப்பிட்டார்.

பங்களா சமையல்காரர் வாயிலிருந்து விஷயம் லைனுக்கு வந்து சேரப் பத்து நாள்கூட ஆகவில்லை. ஸ்டோர் ஜன்னலில் வரிசை நிற்கும் ஆட்கள், "ஜட்ஜய்யா, ரெண்டு வத்தி குடு" என்று கேட்க ஆரம்பித்தார்கள். இவர் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுப்பார். சபையில் அதே கோட்டோடு வேதபாடம் வாசித்தார். பின்வரிசையில் யாராவது இருமினால் எனக்குத்தான் உடம்பு எரியும். படத்தைப் பார்க்க வந்த அதே பக்கத்து வீட்டுக்காரம்மா, "சட்டம் போட்டு மாட்டினியே, எங்க அது?" என்று குழாயடியில் எல்லோர் முன்னாலும் கேட்டாள். கண்ணாடி உடைந்துவிட்டது என்றேன்.

இவரோடு நான் பேசாமல் இருந்த காலம் ஒன்று உண்டு. சண்டை போடவில்லை. தண்ணீர், சோறு, துணி, அவ்வளவுதான் பேச்சு. ஒரு நாள் அவர் திடீரென்று தட்டைத் தள்ளிவிட்டு, "பயந்துட்டேன்மே. இன்னா பண்ணச் சொல்றே? பயந்துட்டேன்" என்று கத்தினார். அந்த வார்த்தை எனக்கு முதல் தடவையாகக் கிடைத்தது அப்போதுதான். அதை நான் முதலில் கேட்டிருக்க வேண்டும். யாரோ எடுத்து உபயோகப்படுத்தின பிறகு வந்தது. எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். தலையைத் தொட வேண்டும் என்று இருந்தது, கை போகவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன். அதற்கப்புறம் பேச்சு மெல்ல மெல்லத் திரும்பியது.

அண்ணனுக்கு வேறு தேசத்துச் சுரங்கத்தில் வேலையாகி, மிஸ்ஸியம்மாவும் கூடவே கிளம்பினாள். போகிற அன்று என்னை ஸ்டேஷனுக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினாள். இவர் போனார். நான் போகவில்லை. பங்களாத் தையலை அதற்கு முன்பே விட்டுவிட்டு ராபர்ட்சன்பேட்டையில் ஒரு கடைக்குத் தைத்துக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ரயில் ஊதினபோது ஒரு ரவிக்கைக்குக் கை வைத்துக்கொண்டிருந்தேன். இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்துவிட்டுப் பிரித்துத் தைத்தேன். இருபத்தைந்து கட்டுகளும் எங்கெங்கோ போயிருக்கும். யாரோ ஒரு சீமைக்காரர் வீட்டில் நாடாவை அவிழ்த்து இன்றைக்கும் சிரித்துக்கொண்டிருக்கலாம். அவர்களுக்கு அது ஒரு கதையின் நீதிபதி.

இவர் வேலை பார்த்த பழைய லெவலில் அதற்குப் பிறகு பெரிய விபத்து எதுவும் நடக்கவில்லை. நடந்திருந்தால், அந்தப் படம்தான் அவர் உயிரைக் காப்பாற்றியது என்று மனசைத் தேற்றிக்கொண்டிருப்பேன். கூட இருந்த கேங்கு ஆட்கள் வயசாகி, இருமிக்கொண்டு, பிள்ளை குட்டிகளோடு இருந்தார்கள். இவரும் அப்படித்தான் இருந்தார். கீழேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது.

அவர் படுக்கையில் விழுந்த வருஷம், ஒரு மத்தியானம் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது கேட்டேன். அந்தத் தேநீர் விருந்தில் மேசைக்குப் பின்னால் நான் நிற்காமல் இருந்திருந்தால், எப்போதாவது என்னிடம் சொல்லியிருப்பீர்களா என்று.

கஞ்சியை விழுங்கிவிட்டு யோசித்தார். "இல்லமே" என்றார்.

நான் அடுத்த கரண்டியை எடுத்தேன். அவர் வாயைத் திறந்தார்.